படகு ட்ரெயிலரின் தாங்குபலகை: எந்தக் குறிக்கு எதைப் பார்ப்பது

ட்ரெயிலரில் படகின் வயிறு குந்துகிற அந்த இரண்டு நீளப் பலகைகளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பெயர் கிடையாது. ஒருவர் கட்டை என்பார், மற்றவர் சட்டம் என்பார். நான் தாங்குபலகை என்று எழுதுகிறேன். என் கைப்பழக்கம் எல்லாம் 18 அடி பைபர் படகை ஏற்றும் இரண்டு சில்லு ட்ரெயிலர்களில்தான். வாடை (வடகீழ்ப் பருவக்காற்று) தொடங்கினால் யாழ்ப்பாணத்தின் வடகடலில் இருந்து களப்புக் கரையில் உள்ள குருநகர், பாசையூர் பக்கம் படகைக் கொண்டுவருவதும், கடல் அடங்கத் திரும்பவும் வடகரை மயிலிட்டிக்குக் கொண்டுபோவதுமாக ஓடுகிறவை அவை.

பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பலகை பழுதாப் போச்சு அண்ணை, மாத்தித் தாங்கோ." கழற்றிப் பார்த்தால் பல தடவை பலகையில் ஒரு குறையும் இருக்காது. அதனால் செலவில்லாத காரணத்தில் தொடங்கி மேலே போகிறேன். உங்கள் குறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

குறி 1: படகு ஒரு பக்கம் சாய்ந்து குந்துகிறது

முதலில் படகின் அடித்தக்கையைக் கழற்றுங்கள். சிரிக்க வேண்டாம். 18 அடிப் படகைத் தறப்பாள் போடாமல் முற்றத்தில் விட்டால், 25 மில்லிமீற்றர் மழைக்கே 150 லீற்றருக்குக் குறையாத தண்ணீர் உள்ளே நிற்கும். அதாவது 150 கிலோ. கார்த்திகையில் ஓர் இரவுக்கு 100 மில்லிமீற்றர் பெய்வது எங்களுக்குப் புதிதல்ல, அப்போது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த நீர் எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் சேரும், அந்தப் பக்கத்துப் பலகை வளையும். மழை மாதங்களில் தக்கை வீட்டுக்குள் இருக்க வேண்டும், அணியம் (படகின் முன்பக்கம்) உயர்ந்து பின்பக்கம் பணிந்திருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. இரண்டு சில்லுக்கும் ஒரே அளவா? அதற்கடுத்தது சாமான். வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கலன் எல்லாம் ஒரே பக்கம் கிடந்தால் ட்ரெயிலர் என்ன செய்யும்?

இவை சரி என்றால் பலகையைத் தாங்கும் இரும்புக் கால்களுக்கு வாருங்கள். ஒவ்வொரு காலும் சட்டகத்தைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டைக் கையால் அசையுங்கள். கறள் பிடித்த கால் கீழே வழுக்கியிருந்தால், பழைய இடத்தில் பெயின்ற் வேறு நிறத்தில் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கே உயர்த்தி, புது யூ போல்ட் போடுங்கள். பழைய நட்டையே இறுக்கினால் இரண்டு வாரத்தில் திரும்பவும் வழுக்கும்.

பிறகுதான் பலகை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடியுங்கள். படகு இல்லாத நேரத்திலும் நூலுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தால் பலகை நிரந்தரமாக வளைந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் (குறி 4).

பலகையும் நேர், கால்களும் நேர் என்றால் வெறும் ட்ரெயிலரைச் சீமெந்துத் தரையில் விட்டு, தரைக்கும் சட்டகத்துக்கும் இடையிலான உயரத்தை இரண்டு பக்கமும் அளவுங்கள். வித்தியாசம் இருந்தால் வில்லுத்தகடு உடைந்திருக்கும், அல்லது அச்சு வளைந்திருக்கும். அதோடு உங்கள் வேலை முடிந்தது. வாகனத் திருத்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

குறி 2: ஏற்றும்போது படகு ஏற மறுக்கிறது

பலகையைப் போர்த்தியிருக்கும் காப்பெட் காய்ந்திருந்தால் அதில் பைபர் வழுக்காது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், பத்துக்கு ஆறு தடவை பிரச்சினை அதோடு போய்விடும். ட்ரெயிலரை இன்னும் இரண்டு அடி ஆழத்துக்கு இறக்குவதும் இதே மாதிரிச் செலவில்லாத வைத்தியம். எங்கள் களப்புக் கரை சரிவு குறைந்தது, இன்னும் கொஞ்சத் தூரம் போனால்தான் படகு மிதக்கும். ஆனால் தூரம் ஓடி வந்த கையோடு சில்லை நீருக்குள் விடாதீர்கள். சூடான பெயாரிங் குளிரும்போது கடல்நீரை உள்ளே உறிஞ்சும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஆறட்டும்.

கிறீஸ் பூசாதீர்கள். முதல் தடவை வழுக்கும். இரண்டாம் தடவை அதில் ஒட்டிய மணல் அரத்தாளாக மாறும்.

காப்பெட் நைந்து மரம் தெரிகிறதென்றால் காப்பெட்டை மட்டும் மாற்றினால் போதும். காப்பெட்டும் நன்றாக இருந்து, படகு ஓர் இடத்தில் மட்டும் முட்டி நிற்கிறதென்றால், பலகையின் பின்முனை மேல்நோக்கி முறுக்கியிருக்கும். பச்சை மரத்தில் செய்த பலகைக்கு வருகிற வியாதி இது.

4 அங்குல பி.வி.சி. குழாயை நெடுகப் பிளந்து பலகைமேல் கவிழ்க்கிறவர்கள் உண்டு. வெண்ணெய் மாதிரி ஏறும், மறுக்கவில்லை. அதே வெண்ணெய் மாதிரி இறங்கவும் செய்யும். கரைக்கு வரும் முன்னரே படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச்சின் பட்டியைக் கழற்றிவிட்டு, படகு வீதியிலேயே இறங்கி உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். குழாய் போட்டவர்கள் படகின் பின்பக்கம் நீரைத் தொடும்வரை கொக்கியில் கை வைக்கக் கூடாது.

குறி 3: படகின் வயிற்றில் கீறல்

கீறலின் வடிவமே காரணத்தைச் சொல்லும்.

மெல்லிய, நீளமான, பல கோடுகள்: மணல். காப்பெட்டை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், தூரிகை போட்டு உரசுங்கள்.

ஒற்றை நூல் போன்ற ஆழக் கோடு: காப்பெட்டைப் பிடிக்க அடித்த கம்பிப் பின் (ஸ்டேப்பிள்) ஒன்று எழும்பியிருக்கிறது. சாதாரண இரும்புப் பின் எங்கள் உப்புக் காற்றுக்கு ஒரு வருடம் தாங்காது. கறள் தின்ற முனை மேலே நிமிரும். உள்ளங்கையால் தடவாதீர்கள், துணியால் தடவுங்கள், மாட்டும்.

விரல் அகலத்தில் நீண்ட உராய்வு: காப்பெட் இல்லாத இடத்தில் மரத்தின் விளிம்போ சிராயோ. பனஞ்சட்டம் போட்டவர்களுக்கு இது வரும். அதன் கறுப்பு நார் ஊசி போலக் கிளம்பும்.

வட்டமான, குழிந்த, வரிசையாக ஒரே இடைவெளியில் இருக்கும் தடங்கள்: போல்ட் தலை. இதில்தான் நான் அடிபட்டேன்.

பட்டறை தொடங்கிய காலம். பாசையூரில் இருந்து ஒரு மாமா ட்ரெயிலர் கொண்டுவந்தார். புதுப் பலகை போட்டு, போல்ட் தலைகளை மரத்தின் மேல்மட்டத்துக்குச் சரியாக இறக்கி, மேலே காப்பெட் ஒட்டினேன். மேசை மாதிரி இருந்தது. அடுத்த வாடைக்கு முதல் வந்தார். ஏசவில்லை. படகைச் சரித்து வைத்திருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் சுட்டுவிரலைப் பிடித்து, வயிற்றில் ஒரு குழிக்குள் வைத்தார். "தம்பி, இதை ஒருக்காத் தடவிப் பார்." வெள்ளைப் பூச்சு போய், உள்ளே நார் விரலில் குத்தியது. அப்படி ஆறு குழிகள். மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, காப்பெட் நசிந்திருக்கிறது, போல்ட் மட்டும் அப்படியே நின்றிருக்கிறது. பைபர் வேலைக்காரருக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

அன்றிலிருந்து 2 அங்குலப் பலகையில் தலையை அரை அங்குலம் முழுதாக உள்ளே இறக்குகிறேன், காசு வைத்தால் மூடுகிற அளவுக்குக் குழி விட்டு. அல்லது மேலே ஒன்றுமே வராதபடி கீழிருந்து மரத்துக்குப் போடும் தடித்த திருகாணி முடுக்குகிறேன். அப்படி முடுக்கினாலும் ஆணியின் கூர் மேல்மட்டத்துக்குக் குறைந்தது அரை அங்குலம் கீழே நிற்க வேண்டும்.

கீறல் பூச்சோடு நின்றால் நீங்களே மெழுகலாம். நார் தெரிந்தால் விடாதீர்கள், நீர் உள்ளே ஊறும். உலர்த்தி, பைபர் செய்பவரிடம் காட்டுங்கள்.

குறி 4: பலகை மெத்தென்று போய்விட்டது

திருப்புளியை எடுத்து மூன்று இடத்தில் குத்துங்கள்: போல்ட் துளையைச் சுற்றி, இரண்டு தலைப்பிலும், காப்பெட்டின் மடிப்புக்குக் கீழே. கால் அங்குலத்துக்குமேல் இறங்கினால் பலகை போய்விட்டது. நடுவில் குத்திப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள். மரம் நடுவில் சாவதில்லை, தலைப்பில்தான் சாகிறது.

ஈரமாக, கறுத்து, கட்டி கட்டியாக உடைந்தால் உளுத்தல். உள்ளே பொள்ளலாகி மண் நிறைந்திருந்தால் கறையான். கறையான் என்றால் மாற்றுவதற்கு முன் ட்ரெயிலர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். இழுவைக்கம்பியின் முனையை வெறும் மண்ணில் குத்தி வைத்திருப்பீர்கள், அதன் வழியே மண்கூடு ஏறியிருக்கும். ஒரு சீமெந்துக் கல்லின்மேல் வையுங்கள். இல்லாவிட்டால் புதுப் பலகையும் அவற்றுக்கே.

உளுத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் காப்பெட். கடல்நீரை விட மழைநீர்தான் மோசம். உப்பு மரத்தைக் கொஞ்சம் காக்கும், நல்ல தண்ணீர் உளுக்க வைக்கும். பலகையை நாலு பக்கமும் காப்பெட்டால் பொதி கட்டினால் அது ஈரத் துணிக்குள் சுற்றிய மரம். கீழ்ப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள்.

*எந்த மரம்*

மரக்காலைக்குப் போய் "வைரம் மட்டும், வெள்ளை வேண்டாம்" என்று சொல்லுங்கள். வைரம் மரத்தின் உள்ளே இருக்கும் கடும் பகுதி, வெள்ளை வெளிப்பக்கத்து மென்பகுதி. தேக்கு, முதிரை கிடைத்தால் யோசிக்க வேண்டாம். பூவரசு ஈரத்துக்கு அருமையான மரம், அந்தக் காலத்தில் வண்டிச் சில்லுக்கும் வள்ளத்துக்கும் போட்டது. ஆனால் 8 அடி நேராகக் கிடைப்பது அதிர்ஷ்டம். வேம்பு கறையானுக்குக் கசக்கும், காயாமல் போட்டால் முறுக்கும். பாலை இரும்பு, பாரமும் இரும்புதான், ஆணி இறங்காது. இறக்குமதிப் பெட்டி உடைத்த பைன் பலகையைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள்.

என் தெரிவு, வீடு உடைத்த பழைய தீராந்தி (கூரையின் கீழ் வரும் பெரிய சட்டம்). 2 அங்குலப் பலகை காற்றில் ஒழுங்காகக் காய ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும், பழைய தீராந்தி ஐம்பது வருடம் ஓட்டுக்குக் கீழே காய்ந்தது. ஒரு எச்சரிக்கை: யாழ்ப்பாணத்துப் பழைய மரத்தில் ஆணி மட்டும் இருக்காது. எனக்கு ஒருமுறை வாளின் பல்லே போனது, பிளந்து பார்த்தால் பெருவிரல் நகம் அளவுக்கு, போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டு. காந்தம் ஒன்றைக் கட்டித் தடவிவிட்டு வாளுக்குக் கொடுங்கள்.

அளவு: பழையது 2க்கு 4 என்றால் அதே 2க்கு 4. பழையது படுக்கையாக இருந்ததா, நிமிர்த்தி இருந்ததா என்பதையும் அப்படியே பின்பற்றுங்கள். நிமிர்த்தினால் அதே பலகை நாலு மடங்கு விறைப்பு, ஆனால் படகின் வயிற்றைத் தொடும் அகலம் பாதி.

*மாற்றும் வேலை*

படகை ட்ரெயிலரில் வைத்துக்கொண்டு மாற்றலாம் என்பார்கள். மாற்றலாம்தான். நான் செய்யமாட்டேன். படகை ஒரு நாள் நங்கூரத்தில் விட்டுவிட்டு ட்ரெயிலரை வெறுமையாகக் கொண்டுவாருங்கள், வேலை பாதியாகும். அப்படி முடியாதென்றால் கெட்டித் தரையில், சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, எஞ்சினையும் எண்ணெய்க் கலனையும் இறக்கி, ஏராவுக்கு (படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புக்கு) அடியில் மட்டும் ஜாக்கி கொடுங்கள். 40 குதிரைவலு எஞ்சின் ஒன்றே 70 கிலோவுக்குக் கிட்ட. ஏராவுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட தட்டையான வயிற்றில் ஜாக்கி கொடுத்தால் பைபர் உள்ளே போகும். தூக்கிய உடனே கட்டை அடுக்கி அதில் பாரத்தை இறக்குங்கள். ஜாக்கியை நம்பிக் கீழே தலை நீட்டாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு பக்கம், அடுத்த பக்கத்துப் பலகை படகைப் பிடித்திருக்கட்டும்.

கழற்ற முன் கைபேசியில் நாலு படம் எடுங்கள். சட்டகத்தின் பின்முனையில் இருந்து பலகையின் பின்முனைக்கு எத்தனை அங்குலம் என்று சோக்கட்டியால் சட்டகத்திலேயே எழுதுங்கள்.

கறள் பிடித்த நட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், வெட்டிவிடுங்கள். ஆனால் கிரைண்டரின் பொறி பெற்றோலுக்கும் பைபருக்கும் ஆகாது. படகு மேலே இருந்தால் வாள்தகட்டால் அறுங்கள்.

பழைய பலகையைப் புதியதன்மேல் வைத்துத் துளைகளைக் குறியுங்கள். பழையது வளைந்திருந்தால் அதன் வளைவை நம்பாமல் கால்களில் இருந்து நேரே அளவெடுங்கள். மேல் விளிம்பு இரண்டையும் சீவுளியால் உருட்டுங்கள். துளை போல்ட்டை விட ஒரு மில்லிமீற்றர் பெரிதாக. இப்போது, எல்லாத் துளையும் போட்டு முடிந்த பிறகு, பூச்சு. தலைப்பு இரண்டையும் ரின்னுக்குள் இறக்கி ஊற விடுங்கள். துளைக்குள் சின்னத் தூரிகையை விட்டுத் திருப்புங்கள். மரப் பாதுகாப்பு எண்ணெய் இரண்டு தடவை, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது. பூசிவிட்டுத் துளை போடுகிறவர்கள் பூசாமலே விட்டிருக்கலாம்.

மீதியிருந்த பைபர் பிசினைப் பலகைக்கு மேல் சுற்றிப் பூசிக் கவசம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆணித் துளையால் உள்ளே போன நீர் வெளியே வராது, இரண்டு வருடத்தில் பளபளப்பான ஓட்டுக்குள் புட்டு. கழிவு எண்ணெயும் வேண்டாம். காப்பெட்டில் ஊறி, வெள்ளைப் படகைக் கறுப்பாக்கி, மிச்சம் களப்பில் மிதக்கும். அப்பா காலத்தில் வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசினார்கள். மரத்துக்கு நல்லதுதான், தெருநாய் எல்லாம் படலையடிக்கு வந்துவிடும்.

காப்பெட் செயற்கை நாராக இருக்க வேண்டும், அடியில் ரப்பர் ஒட்டியிருக்கக் கூடாது. கலியாண மண்டபத்துச் சிவப்புக் காப்பெட் மிச்சம் ஆகுமா என்று கேட்பார்கள். சாயம் படகில் பிடிக்கும், அதற்குச் சம்மதம் என்றால் ஆகும். இழுத்து, பக்கவாட்டில் மட்டும் பின் அடியுங்கள், மேலே ஒன்றும் வரக்கூடாது. கறள் பிடிக்காத பின் கிடைக்காவிட்டால் செப்பாணி.

பூட்டும்போது கால்களின் போல்ட்டை முழுதாக இறுக்காதீர்கள். படகை ஏற்றுங்கள், பலகை தானாக வயிற்றின் சாய்வுக்குத் திரும்பட்டும். பிறகு இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் இன்னொரு தடவை.

குறி 5: புதுப் பலகையே பிளந்துவிட்டது

துளையில் இருந்து தொடங்கி நாரோடு ஓடிய பிளவு என்றால் துளை இறுக்கம், அல்லது தலைப்புக்கு மிகக் கிட்ட. தலைப்பில் இருந்து 3 அங்குலத்துக்குள் துளை போடாதீர்கள். முழு நீளத்துக்கும் மயிர்ப்பிளவுகள் என்றால் மரம் காயவில்லை. அவை ஆழமில்லாவிட்டால் எண்ணெய் விட்டு ஓட்டலாம். இரண்டு கால்களுக்கு நடுவில் குறுக்கே முறிந்தால் கால்கள் தூரம், நடுவில் இன்னொரு கால் வேண்டும். அது ஒட்டு வேலை செய்பவரின் வேலை. நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பை வெல்டிங் செய்யும் புகை நெஞ்சுக்கு ஆகாது. பூச்சை உரசி எடுத்துவிட்டு வெளியில் வைத்து ஒட்டுகிறவரிடம் கொடுங்கள்.

குறி 6: ஓடும்போது தட்டுகிற சத்தம்

பட்டியை இறுக்குங்கள். சத்தம் நின்றால் முடிந்தது. நிற்காவிட்டால் கால்களின் போல்ட். அதுவும் இல்லையென்றால் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், அல்லது சுழற்றும்போது கரகரத்தால், பெயாரிங். தெரிந்தால் மாற்றுங்கள். தெரியாவிட்டால் பண்ணைத் தாம்போதியின் (கடலுக்குக் குறுக்கே போகும் வீதியின்) நடுவில் சில்லு கழன்று ஓடுவதைப் பார்க்க நேரும், அதற்கு முதல் திருத்தகத்துக்குப் போங்கள்.

குறி 7: பலகை குந்தும் இடத்தில் வயிறு உள்ளே அமிழ்ந்திருக்கிறது

படகு நீரில் நேரே போகாமல் மூக்கை இறக்குகிறது, அல்லது வேகம் எடுக்க முன்னரைவிடத் திணறுகிறது என்றால், கரையேற்றி நேர்க்கோல் ஒன்றை வயிற்றில் நெடுக வைத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் குழி தெரிந்தால், பலகையின் நீளம் போதாது. எஞ்சின் பூட்டும் பின்பலகைக்கு நேர் கீழே வரை தாங்குபலகை வர வேண்டும். அரை அடி குறைந்தாலும் எஞ்சினின் பாரம் அந்தரத்தில் தொங்கி, பலகையின் முனையில் வயிறு மடங்கும். பழைய பலகையின் நீளத்தையே பார்த்து வெட்டுகிறவர்கள் பழைய பிழையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். முதலில் படகைப் பார்த்து நீளம் எடுங்கள்.

பலகையை நீட்டினால் குழி மேலும் ஆழமாகாது. ஆனால் இருக்கிற குழி தானாக நிமிராது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டு போங்கள். டொக் டொக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத் என்று மாறினால் உள்ளே வங்கு (படகின் விலாச்சட்டம்) பைபரை விட்டுக் கழன்றிருக்கிறது. அந்தப் படகைக் கடலுக்கு விடாதீர்கள். காரைநகரிலோ குருநகரிலோ படகு கட்டுகிறவர் ஒருவரைக் கூப்பிட்டு, தட்டிய இடத்தைச் சோக்கால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.